சாக்லேட் சப்ளை: கடைக்காரரிடம் முன்கூட்டியே என்ன எழுதி வாங்க வேண்டும்?

குன்னூர்_கோகோ:
வணக்கம். நாலு பேர் வேலை செய்யும் ஹோம்மேட் சாக்லேட் யூனிட். ஊட்டியிலும் கோவையிலுமாக ஒன்பது கடைகளுக்குச் சரக்கு போகிறது. எல்லாம் போன் பேச்சுதான். மே சீசன் முடிந்தால் பாக்கி இழுக்கிறது. கோவைக் கடைகள் "வெள்ளை பூத்துடுச்சு" என்று ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திருப்புகின்றன. பில்லில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. அது போதாதா?

பில்புக்:
போதாது. ஆர்டரை ஏற்ற நிமிடமே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பில் அதற்குப் பிறகு சரக்கோடு போவது. "நான் இதுக்கு ஒத்துக்கவே இல்லை" என்று கடைக்காரர் சொல்ல இடமிருக்கிறது. ஒரே பக்கத்தில் நிபந்தனைகளை எழுதி, முதல் ஆர்டருக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் ஆதாரம்தான். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

பணத்துக்கு "ஒரு மாசம்" என்று எழுதினால் எந்தத் தேதியிலிருந்து என்று சண்டை வரும். "சரக்கு பெற்ற நாளிலிருந்து 30 நாள்" என்று எழுதுங்கள். பில் நகலில் தேதியுடன் கடை முத்திரை வாங்குங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இருக்கிறதா? இலவசம்தான், சப்ளைக்கு முன்பே இருப்பது பாதுகாப்பு. 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதை நிபந்தனைத் தாளில் ஒரு வரியாகப் போட்டாலே பாதிப் பேர் நேரத்துக்குத் தந்துவிடுவார்கள்.

மலையிறக்கம்:
வெள்ளை பூப்பது தனிக் கதை. கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். குன்னூரில் கல்லு மாதிரி இருந்தது மேட்டுப்பாளையத்து மதிய வெயிலில் இளகி, ராத்திரி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெண்படலமாகும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் விற்காது.

நஷ்டம் யாருக்கு? 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், சரக்கின் உரிமை யாரிடமோ நஷ்டமும் அவருக்கே. பார்சல் ஆபீசில் போட்டாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். கடைக்காரரோ தன் வாசலில் இறங்கினால்தான் தன் சரக்கு என்று நினைப்பார். ஆகவே இப்படி எழுதுங்கள்: "கடை வாசல் வரை பொறுப்பு எங்களுடையது. பெற்ற 24 மணி நேரத்துக்குள் பெட்டியைத் திறந்து பார்த்து, பேட்ச் எண் தெரியும்படி படம் அனுப்ப வேண்டும். அதன்பின் 20 டிகிரிக்குக் கீழே வைப்பது கடையின் பொறுப்பு." சரக்கை மாலையில் ஏற்றி விடியற்காலையில் இறக்கினால் பாதிப் பிரச்சினை எழாது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் டெலிவரி தேதி தள்ளும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஊட்டிக்_கடை:
கடைக்காரன் பக்கத்தையும் பாருங்கள். ஆஃப் சீசனில் 30 நாள் கஷ்டம், சீசனில் 15 நாளே தாராளம். இரண்டு கெடு போடுங்கள். கூடவே, "இரண்டு பில் நிலுவையில் இருந்தால் மூன்றாவது சரக்கு கிடையாது" என்று வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "வித்தா காசு" (விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு திரும்பும்) ஏற்பாடு என்றால் அதைத் தனித்தாளில் எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அப்போது பில்லுக்குப் பதில் டெலிவரி சலானில்தான் (சரக்கோடு போகும் சீட்டு) அனுப்ப வேண்டும். விற்றபோது அல்லது அனுப்பிய ஆறு மாதத்தில், எது முந்தியோ அப்போது பில் போட வேண்டும்.

குன்னூர்_கோகோ:
நன்றி. பழைய பாக்கிக்கு வழி உண்டா?

பில்புக்:
கடை வாரியாக ஸ்டேட்மென்ட் எடுத்து, "31 மார்ச் வரை பாக்கி இவ்வளவு, சரி" என்று கையெழுத்து வாங்குங்கள். வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அது முடிவதற்குள் வாங்கிய கையெழுத்தானால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். கெடு முடிந்தபின் வாங்கினால் பலன் இல்லை. பழைய பில்லிலிருந்தே ஆரம்பியுங்கள்.