13 ஆண்டு வில்லங்கம் போதுமாம், சொல்லிவிட்டார்கள்

தாய்ப்பத்திரம்_தேடி:
மனை வாங்குகிறவருக்கு நேற்று இங்கே ஒரு பெரியவர் கொடுத்த அறிவுரை: "13 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதும், அதற்கு மேல் பார்ப்பது பயந்தாங்கொள்ளித்தனம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. வில்லங்கச் சான்றிதழ் என்பது அந்த மனை மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல்; குறைந்தது 30 ஆண்டுக்குப் பார்க்க வேண்டும். 1975இலிருந்தே ஆன்லைனில் கிடைக்கிறது, போட்டுப் பார்க்க என்ன கேடு?

நாவலூரான்:
அந்தப் பெரியவர் நான்தான் சார், வயது 41. மூன்று மனை வாங்கி இரண்டை விற்றவன். மூன்றுக்கும் 13தான். ஒன்றுக்கு பேங்க்காரனே லோன் கொடுத்தான்.

தாய்ப்பத்திரம்_தேடி:
லோன் கிடைத்தால் மனை சுத்தமா? என் மாமனார் 2012இல் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கினார். 13 ஆண்டு வில்லங்கம், அதாவது 1999இலிருந்து. ஒரு பதிவும் இல்லை. அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தார். 2015இல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பழைய உரிமையாளர் இறந்த பிறகு அவருடைய இரண்டு மகன்கள் மட்டும் சேர்ந்து 1996இல் விற்ற நிலம் அது, கூடப் பிறந்த மகள் பங்கு கேட்கிறார். மூன்றே வருஷத்தில் தப்பியது. 30 போட்டிருந்தால் 1996 வந்திருக்கும்.

நாவலூரான்:
அந்த 1996 கிரயப் பத்திரம்தானே உங்களுக்குத் தாய்ப்பத்திரம், அதாவது விற்றவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரம்? விற்றவர் கொடுத்திருப்பாரே, யாரும் பிரித்துப் படிக்கவில்லையா? விற்றது இரண்டு மகன்கள் என்று தெரிந்ததும் வாரிசுச் சான்றிதழ் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்தது. விட்டுப்போன மகள் 100 ஆண்டு வில்லங்கம் போட்டாலும் அதில் வரமாட்டார், பதிவானதுதான் வரும். பெயர் மட்டும் தாய்ப்பத்திரம்_தேடி!

தாய்ப்பத்திரம்_தேடி:
30 போட்டிருந்தால் 1996 வந்திருக்குமா வந்திருக்காதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பட்டா_மணி:
பட்டா யார் பேரில் என்று பாருங்கள், அது போதும் என்பார் எங்கள் சித்தப்பா. அவர் சர்வேயர்.

தாய்ப்பத்திரம்_தேடி:
சித்தப்பாவுக்கு வணக்கம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. இவர் ஒரு பக்கம் 13, நீங்கள் ஒரு பக்கம் பட்டா. போன வருஷம் இதே இடத்தில் "தங்கம் இறங்கும், பொறுங்கள்" என்றவரும் இந்த நாவலூரான்தான். அவரை நம்பி என் தங்கை கல்யாணத்துக்கு வாங்க வேண்டிய நகையைத் தள்ளிப்போட்டேன்.

நாவலூரான்:
தங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்? "இறங்கலாம்" என்றுதான் எழுதினேன், "இறங்கும்" என்று எழுதவில்லை.

மறைமலை_வாசி:
அண்ணா, ஒரு சந்தேகம். 1200 சதுர அடி மனை ஒன்று வருகிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன்னாலேயே விற்றுப் பதிவான மனை, அதனால் பிரச்சினை இல்லை என்கிறார் புரோக்கர். அப்ரூவல் இல்லாத மனைகளுக்கு அரசு வைத்த கெடு நாளாம் அது. ஆனால் வரன்முறைக்கு, அதாவது அப்படிப்பட்ட மனையை அரசிடம் முறைப்படுத்த, பணம் கட்டவே இல்லையாம். வாங்கலாமா?

பட்டா_மணி:
1200 சதுர அடி என்றால் மூணு சென்ட்டா, ரெண்டே முக்காலா?

நாவலூரான்:
ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்துப் பாருங்கள். சர்வேயர் வீட்டுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

பட்டா_மணி:
எங்கள் சித்தப்பாவைப் பற்றி இன்னொரு வார்த்தை வேண்டாம்.

தாய்ப்பத்திரம்_தேடி:
சென்ட் கணக்கு எல்லாம் அப்புறம். மாமனாருக்கு 68 வயது, வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸில் போய் வருகிறார், கையில் அதே குங்குமம் வைத்த காகிதம். நாவலூரான் இன்னும் பதில் சொல்லவில்லை. 30 போட்டிருந்தால் 1996 வந்திருக்குமா, வந்திருக்காதா?

நாவலூரான்:
வந்திருக்கும். வந்தும் படித்திருக்க மாட்டீர்கள்.

தாய்ப்பத்திரம்_தேடி:
"வந்திருக்கும்" என்று அவரே ஒத்துக்கொண்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாவலூரான்:
பாதி வரியை வெட்டிப் போடாதீர்கள்.

மறைமலை_வாசி:
அண்ணா, புரோக்கர் நாளைக்கே அட்வான்ஸ் கேட்கிறார்...