ஞானப்பெற்றோர்: யாரைக் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது?

பங்கில் திருமுழுக்குத் தயாரிப்பு கொடுப்பவர்:

திருமுழுக்குப் படிவம் நிரப்பும்போது பெரும்பாலான வீடுகள் தடுமாறுவது ஞானப்பெற்றோர் பெயரில்தான், அதாவது திருமுழுக்கில் உடன் நின்று விசுவாச வாழ்வுக்குத் துணையிருப்பவர் பெயரில். வெளிநாட்டுச் சித்தப்பா, ஊர்ப் பெரியவர், சங்கிலி போடக்கூடியவர் என்றே யோசனை ஓடும். கத்தோலிக்கத் திருச்சபை கேட்பது வேறு. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். திருமுழுக்கு, நற்கருணை, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) மூன்றும் பெற்று, விசுவாச வாழ்வு வாழ்கிறவராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் ஆக முடியாது. ஒருவரே போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு மாமன்களைச் சேர்த்து நிறுத்த முடியாது.

சிக்கல் பெரும்பாலும் உறுதிபூசுதலில் வரும். "புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியாச்சு" என்று நம்பி வருவார்கள், உறுதிபூசுதல் நடந்தே இருக்காது. எனவே விருந்துக்கு ஆள் சொல்வதற்கு முன்பே ஞானப்பெற்றோரின் சொந்தப் பங்கிலிருந்து சான்றிதழ் வாங்கி, பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள். சி.எஸ்.ஐ., லூத்தரன் நண்பரை நிறுத்த ஆசையா? கத்தோலிக்கர் ஒருவர் ஞானப்பெற்றோராக இருந்தால், இவரைச் சாட்சியாகச் சேர்க்கலாம்.

சொந்தத்துக்குள்தான் தேட வேண்டும் என்று எங்கும் இல்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானப்பெற்றோரும் ஞானப்பிள்ளையும் மணந்துகொள்வதையே தடுத்தது. அந்த அளவுக்கு அதை மெய்யான உறவாகக் கண்டார்கள். 1983 சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் சீரோ மலபார் போன்ற, தனிச் சட்டம் உள்ள கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளுக்கு இன்றும் உண்டு. அதுவும் பிள்ளையின் தாய் தகப்பனை ஞானப்பெற்றோர் மணப்பதையும் சேர்த்து. தாயை இழந்த வீட்டில், பின்னாளில் மறுமணப் பேச்சு வரக்கூடிய இடத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

யாரைக் கேட்பது என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அன்று மாலையே வந்து நிற்கக்கூடியவரை. அடுத்த தெருவில் இருக்கும் அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) அக்கா, துபாயில் இருக்கும் பெரியப்பாவைவிட நல்ல ஞானத்தாய் ஆவார். திருமுழுக்கின்போது பாஸ்கா திரியிலிருந்து (கோவிலின் பெரிய ஈஸ்டர் மெழுகுவர்த்தி) ஏற்றித் தரும் மெழுகுவர்த்தியைப் பத்திரமாக வையுங்கள். ஆண்டுதோறும் திருமுழுக்கு நாளில் ஞானப்பெற்றோர் வந்து அதை ஏற்றி, பிள்ளையோடு ஒரு ஜெபம் சொன்னால் போதும், உறவு அறுந்துபோகாது. பரிசுப்பொருளை முதன்மை ஆக்கினால், அடுத்த முறை கை வெறுமையாக இருக்கும்போது வரக் கூச்சப்பட்டே நின்றுவிடுவார்கள்.

சி.எஸ்.ஐ. சபையிலிருந்து:

1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின்படி ஆண் குழந்தைக்கு ஞானத்தகப்பன்மார் இருவர், ஞானத்தாய் ஒருவர். பெண் குழந்தைக்கு அதற்கு நேர்மாறு. இன்று சபைக்குச் சபை வழக்கம் மாறுகிறது, உங்கள் சபைப் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இது: ஞானப்பெற்றோர் ஆவதால் சட்டப்படி பிள்ளைமேல் எந்த உரிமையும் கிடைக்காது. பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் நீதிமன்றம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யாது. "நாங்க இல்லைன்னா நீங்கதான்" என்று வாயால் சொல்வது போதாது. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி, மைனர் பிள்ளைக்குத் தகப்பன் உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எழுதும் முன் அந்த நபரின் முழுச் சம்மதத்தையும் வாங்குங்கள், வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடுதான் பின்னால் வழக்காகும்.

பெரியவர்களுக்கான திருமுழுக்குக் குழுவிலிருந்து:

குழந்தைக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டார் எதிர்ப்பைத் தாங்கித் தனியாக வரும் இளைஞருக்கோ ஞானப்பெற்றோர்தான் சபையில் முதல் குடும்பம். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்று பவுல் எழுதுகிறாரே (உரோமையர் 16:13), அப்படிப்பட்ட ஒருவர் வேண்டும்.

தவக்காலம் முதல் ஞாயிறு, திருமுழுக்குக்கு உரியவரைச் சபை ஏற்று அறிவிக்கும் தேர்ந்துகொள்ளும் சடங்கிலேயே ஞானப்பெற்றோர் உடன் வர வேண்டும். 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் அவருடைய மனத்தூய்மைக்காக ஜெபிக்கும் ஆய்வுச் சடங்கு; அப்போது ஞானப்பெற்றோர் அந்த இளைஞரின் தோள்மேல் வலது கையை வைத்து நிற்பார்கள். சபை முழுக்கப் பார்க்க, "இவர் எங்கள் ஆள்" என்று சொல்லும் கை அது. ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு.

கோளாறு ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். விழா முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர் விடுதி அறைக்குப் போவார். ஆகவே ஈஸ்டர் மதியச் சாப்பாடு எங்கே என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பெந்தெகொஸ்தே திருவிழா வரையிலாவது ஞாயிறுதோறும் பூசையில் பக்கத்தில் உட்காருங்கள். உடல்நலமில்லை என்றால் மருத்துவமனைப் படிவத்தில் எழுத ஒரு தொலைபேசி எண் அவரிடம் இருக்கட்டும், அது உங்களுடையதாக இருக்கட்டும்.

பெற்ற வீட்டிலிருந்து அவரைப் பிரிக்கவே கூடாது. தங்கை கல்யாணம், அப்பாவின் துக்கம் என்றால் போகச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் கூடப் போங்கள். அவருக்கே கல்யாணம் கூடிவந்தால், பெற்றோரை அழைக்கும் முயற்சியைக் கடைசி வாரம் வரை விடாதீர்கள். வராமல் போனால் மட்டும் அவர்கள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.