ஒரு மூலை காய்ந்தால் கவுண்டி முழுக்கப் பணமா?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் வறட்சியால் மேய்ச்சல் இழந்த மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அரசு தரும் உதவி "நியாயமான ஈடு" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வியாழன்தோறும் வறட்சி வரைபடம் வருகிறது. மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏதாவது ஒரு பகுதி அதில் டி3 என்ற மிகக் கடும் வறட்சி நிலையைத் தொட்டால் போதும், கவுண்டி முழுவதும் மூன்று மாதப் பணத்துக்குத் தகுதி. டெக்சாஸின் புரூஸ்டர் கவுண்டி சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. ஒரு மூலையில் புல் கருகினால் மறுமூலைக்காரருக்கு எதற்குக் காசோலை?

சான் அந்தோனியோ வாசி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரு மாதத்துக்கான உதவித்தொகை தீவனச் செலவையும் நிலத்தின் மேய்ச்சல் திறனையும் வைத்துப் போடப்படுகிறது. இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம்தான். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பும் உண்டு. 2011 வறட்சியில் தெற்கு டெக்சாஸில் சப்பாத்திக்கள்ளியின் முள்ளை கேஸ் பர்னரால் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள். பர்னர் இரையும் சத்தம் கேட்டதும் மாடுகள் ஓடி வந்து, சூடு ஆறுவதற்குள் மடலைக் கடிக்கும். அந்த 2011 செப்டம்பரோடு இந்த உதவித் திட்டமே காலாவதி. 2014 பண்ணைச் சட்டம் வந்துதான் பழைய பாக்கி கிடைத்தது. 2012இல் மாட்டை விற்றவர் அதுவரை என்ன செய்திருப்பார்?

கணக்குப்பிள்ளை:
கள்ளி சுட்டவருக்குக் கொடுங்கள், யார் தடுத்தது? நான் கேட்டது மறுமூலையைப் பற்றி.

பசும்புல்:
இதைவிட அநியாயம் கூட்டரசு நிலத்தில் நடக்கிறது. பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர்தான் கட்டணம். அதைப் பேசுங்கள்.

சான் அந்தோனியோ வாசி:
டெக்சாஸில் பெரும்பாலும் தனியார் நிலம் பசும்புல். பயிர்க் காப்பீட்டு விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசை திருப்பினீர்கள்.

பசும்புல்:
அன்று பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் பழைய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். டி3க்கு ஒரு படி கீழான டி2 நிலை தொடர்ந்து 8 வாரம் இருந்தால்தான் பணம் என்று முன்பு விதி. 2025 சட்டம் அதை 4 வாரமாக்கிவிட்டது. அதுவும் ஏதாவது ஒரு பகுதியில் இருந்தால் போதும்! யாருமே இதற்குப் பதில் சொல்லவில்லை.

சான் அந்தோனியோ வாசி:
சொன்னால் காதில் வாங்க வேண்டுமே. மேய்ச்சல் போனது என்று விண்ணப்பிப்பவர் தானே உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வரைபடத்தின் நிறத்தைப் பார்த்துப் பணம் வீட்டுக்கு வராது. ஒவ்வொரு வேலியாக அளக்கப் போனால் பணம் வருவதற்குள் மாடு செத்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
தன் இழப்புக்குத் தானே சாட்சி! மறுமூலைக்காரர் கையெழுத்துப் போட மாட்டாரா?

கொங்குக்காளை:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் தொழுவத்தில் கால் வைத்ததுண்டா?

கணக்குப்பிள்ளை:
நான் பிறந்ததே காங்கேயத்தில். எங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்ததும் அப்பா வெள்வேல் மரத்து நெற்றை உலுக்கிப் போட்டு மாட்டைக் காப்பாற்றினார். எனக்குத் தொழுவம் கற்றுத்தர வேண்டாம் தம்பி.

கொங்குக்காளை:
நான் தம்பி இல்லை, பேரன் எடுத்தவன். கொரங்காட்டில் வளர்ந்தவர் மாட்டுக்காரன் வயிற்றில் அடிக்கிற மாதிரிப் பேசுவதுதான் ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளை:
யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. புல் இருக்கிறவருக்குப் போகிற பணம் இல்லாதவருக்குப் போகட்டும் என்கிறேன்.

சான் அந்தோனியோ வாசி:
2024 தொடக்கத்தில் அமெரிக்க மாட்டு மந்தை 8 கோடியே 72 லட்சம். 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. இந்த நேரத்தில் பணத்தைப் பிடுங்கச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பணம் கொடுத்தும் மந்தை சுருங்குகிறது என்றால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

சான் அந்தோனியோ வாசி:
கொடுக்காவிட்டால் இன்னும் சுருங்கியிருக்கும்.

பசும்புல்:
1.35 டாலரை இரண்டு பேரும் தொடவே இல்லை, பார்த்தீர்களா?