வேலையை விட்டுவிட்டுத் தனி ஆளாக கேம் செய்யலாமா? என் கணக்கு இதோ

பால்வெட்டு (குலசேகரம்)

என் கேம் ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை) வெளிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நம்ம ஊர் ரப்பர் தோட்டம்தான் களம். விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்ட வேண்டும், மழை வருவதற்குள் சிரட்டையில் இருக்கும் பாலை எடுத்துவிட வேண்டும், நடுவில் ஒரு குடும்பத்தின் கதை ஓடும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து செய்தது. கோடிங், படம், சத்தம் எல்லாம் நான்தான். அடுத்த கேமையும் இப்படியே முழுநேரமாகச் செய்யப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்களில் பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். சரி, கணக்கை இங்கே வைக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

விலை 5 டாலர். அது அமெரிக்காவில் வாங்குகிறவருக்கு. இந்தியாவிலும் பிரேசிலிலும் அதைவிடக் குறைவு. பல நாடுகளில் அந்த ஊர் விற்பனை வரி முதலிலேயே போய்விடும். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் கணக்கு கழியும். மீதியில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. அமெரிக்காவில் விற்ற பங்குக்கு அங்கேயே வரி பிடிப்பார்கள். பான் எண்ணைக் கொடுத்து இரு நாட்டு ஒப்பந்தப்படி படிவம் நிரப்பினால் 15 சதவீதம், இல்லாவிட்டால் 30. கடைசியில் வங்கி டாலரை ரூபாயாக்கும்போது ஒரு பிடித்தம். எல்லாம் போய் ஒரு பிரதிக்குச் சராசரியாக 2 டாலருக்குக் கொஞ்சம் மேலே கைக்கு வருகிறது.

முதல் மாதம் வந்தது என் பழைய வேலையின் இரண்டு மாதச் சம்பளம் அளவு. அப்புறம் இறங்கிக்கொண்டே போனது. இப்போது சில மாதங்களில் 100 டாலரைத் தொடாது. தொடாவிட்டால் அந்த மாதம் பணம் அனுப்ப மாட்டார்கள், அடுத்ததோடு சேர்ந்துதான் வரும். ஆனால் நான் போட்ட காசும் பெரிதில்லை. ஸ்டீமுக்குக் கட்டிய 100 டாலர், விற்பனை 1,000 டாலர் தாண்டியதும் திரும்ப வந்துவிட்டது. கேம் செய்யப் பயன்படுத்திய மென்பொருள், கோடாட் எஞ்சின், இலவசம். கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. என் கணக்கில் இது லாபம்தான்.

வடசேரிக்காரன்

மக்கா, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் பாதிதான் இருக்கிறது. உன் சம்பளம் எங்கே? வேலையில் இருந்திருந்தால் இத்தனை காலமும் மாதாமாதம் வந்திருக்குமே, அதை எந்த வரியில் எழுதியிருக்கிறாய்? வருங்கால வைப்பு நிதி நின்றது, ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடு போனது. வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். அதையெல்லாம் சேர்த்தால் நீ சொல்லும் லாபம் பெரிய நட்டம்.

ஸ்டீமில் 2024-ல் மட்டும் 18,000-க்கு மேல் கேம் வந்திருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் தினமும் ஐம்பது. அந்தக் கூட்டத்தில் உன் இரண்டாவது கேம் முதலாவதைவிட நன்றாக விற்கும் என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய்? ஆசையைக் கேட்கவில்லை, ஆதாரத்தைக் கேட்கிறேன். ஒன்று மட்டும் உனக்குப் பிரயோஜனமாக இருக்கும். அமெரிக்காவில் பிடித்த வரியை இங்கே கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான படிவத்தைத் தனியாகப் போட வேண்டும். ரிட்டர்ன் போடும்போது விட்டுவிடாதே.

பால்வெட்டு (குலசேகரம்)

அண்ணே, வராத சம்பளத்தையெல்லாம் செலவில் எழுதினால் இந்த மாவட்டத்தில் ஒருவரும் ரப்பர் நட்டிருக்க மாட்டார்கள். கன்று வைத்து ஏழு வருடம் காத்திருந்துதானே முதல் வெட்டு போடுகிறோம்? அதுவரைக்கும் களை எடுக்கிறோம், உரம் போடுகிறோம், காற்றில் சாய்ந்தால் வேறு கன்று வைக்கிறோம். அந்த ஏழு வருடமும் நட்டம் என்று யாரும் சொல்வதில்லை. கேமும் அப்படித்தான், ஒருமுறை செய்துவிட்டால் கடையில் இருந்துகொண்டே இருக்கும், தள்ளுபடி போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விற்கும். முதல் கேமில் எழுதிய கோடு இரண்டாவதுக்கு உதவும், வாங்கினவர்களில் சிலர் அடுத்ததையும் வாங்குவார்கள்.

வடசேரிக்காரன்

ரப்பரையே எடுத்துக்கொள்வோம், நானும் தோட்டக்கார வீட்டுப் பையன்தான். கன்று சின்னதாக இருக்கும் முதல் மூன்று வருடம் இடையில் அன்னாசியும் வாழையும் போடுகிறோமே, அது எதற்கு? அந்த இடைவெளியில் வீடு ஓட வேண்டும் என்பதற்குத்தான். அப்புறம், ரப்பர் ஷீட்டுக்கு அன்றன்று கோட்டயத்து விலை உண்டு. குறைவோ கூடுதலோ, ஷீட்டைக் கொண்டுபோய்க் கடையில் போட்டால் அன்றைக்குப் பணம். உன் கேமை அப்படி எடுத்துக்கொள்ளும் கடை எங்கே இருக்கிறது? எனக்கு கேம் மேல் விரோதம் இல்லை தம்பி. இடையில் போட ஒன்றும் இல்லாமல் இரண்டாவது தோட்டத்தையும் நடாதே என்கிறேன், அவ்வளவுதான்.

இரணியல்_இண்டி

நான் அந்த இடைப்பயிர் கட்சி. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை, காலையில் ரயிலில் போய் ராத்திரி திரும்புகிறேன். உட்கார இடம் கிடைத்தால் லேப்டாப்பில் கோடிங், கிடைக்காவிட்டால் நோட்டில் லெவல் வரைவது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் வரை கேமுக்குப் படம் வரைவது. மெதுவாகத்தான் போகும். ஆனால் மாதக் கடைசியில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த நிம்மதி இருப்பதால்தான் பிடிக்காத ஒரு லெவலைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து செய்ய முடிகிறது. பணத்துக்கு அவசரம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியிட்டிருப்பேன்.

பால்வெட்டு (குலசேகரம்)

நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு வேலை முடித்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தலையில் ஒன்றும் ஓடாது. மெதுவாகப் போவதற்கும் ஒரு விலை உண்டு அண்ணே. 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சின்காரர்கள் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தார்கள், ஒரு வருடம் கழித்து அதை வாபஸ் வாங்கினார்கள், அதற்குள் எத்தனையோ பேர் பாதி செய்த கேமோடு எஞ்சின் மாறிவிட்டார்கள். நான் இருந்த கோடாட்டிலும் மூன்றாம் பதிப்பில் தமிழ் சரியாக வராது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2023-ல் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் எழுத்து ஒழுங்காகச் சேர்ந்தது. முழு கேமையும் அதற்கு மாற்றினேன். எங்கள் அம்மா தமிழில் படித்து விளையாட வேண்டும் என்ற ஒரே காரணம்தான். முழுநேரமாக இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மண்டைக்காட்டு_மருமகள்

நான் கேம் செய்கிறவள் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் செய்கிறார், என் வீட்டுக்காரர். அதனால் இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக ஸ்டார்டியூ வேலி என்ற கேமைச் செய்தார், நான்கு வருடத்துக்கு மேல் ஆனது, 2016-ல் வந்தது, இப்போது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது என்று எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் அவருடைய துணைவியார் வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டார், பரோனும் ஒரு தியேட்டரில் பகுதிநேரமாக ஆட்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்தார். கதையில் இந்தப் பகுதியை மட்டும் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தனி ஆள், தனி ஆள் என்கிறீர்கள், தனி ஆளுக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் இன்னொரு ஆள் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். ஸ்கூலில் வேலை. என் வளையல் பணயத்தில் இருக்கிறது, வட்டி நான் கட்டுகிறேன். அதற்கு நான் சம்மதித்தேன், வருத்தம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டுச் செய்தார், எத்தனை மாதம் என்று சொல்லிவிட்டுச் செய்தார். தம்பி, உங்கள் கணக்கில் ‘கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. சோறும் ஏற்கெனவே இருந்ததா? கரண்ட் பில் யார் கட்டினார்கள்? அதைக் கணக்கில் எழுதுங்கள், எழுதிவிட்டு அவர்களிடம் அடுத்த கேமுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அவர்கள் சரி என்றால் வடசேரி அண்ணாச்சி என்ன சொன்னாலும் செய்யுங்கள்.

பால்வெட்டு (குலசேகரம்)

அக்கா, அம்மாதான் கட்டினார்கள். தோட்டத்து வருமானத்தில். எழுதிக்கொள்கிறேன்.

திங்கள்சந்தை_ஆப்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். இரண்டு வாரத்தில் ஒரு சின்ன கேம், நடுவில் விளம்பரம். பத்துப் போட்டால் ஒன்று ஓடும்.

இரணியல்_இண்டி

விளம்பர கேமில் ஆள் ஆயிரக்கணக்கில் தினமும் வந்தால்தான் காசு. அந்த ஆட்களைக் கொண்டுவரவும் விளம்பரத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும். பெரிய கம்பெனிகளோடு காசில் போட்டி போடும் இடம் அது, தனி ஆளுக்கு ஸ்டீமைவிடக் கடினம்.

வடசேரிக்காரன்

பணம் ஒரு பக்கம். இன்னொன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியிட்ட பிறகு கொஞ்ச நாள் நீ யாரிடமும் பேசவில்லை என்று உன் கூட்டாளி சொன்னான். அதையும் கணக்கில் வைக்க வேண்டாமா?

பால்வெட்டு (குலசேகரம்)

வைக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணிக்கு வெளியிடுவது வழக்கம், அன்றைக்கு நமக்கு அது ராத்திரி பத்தரை. அம்மா தூங்கிவிட்டார்கள். பட்டனை அழுத்தினேன், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாள் செய்தது உலகம் முழுக்கப் போய்விட்டது, பக்கத்தில் சொல்ல ஒரு ஆள் இல்லை. விடியும் வரை விற்பனைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். காலையில் மெயில் பெட்டி நிறைந்திருந்தது. ஆசையாகத் திறந்தால் முக்கால்வாசி, நாங்கள் பெரிய விமர்சகர்கள், இலவசமாக நாலைந்து கீ (கேமைப் பெற உதவும் குறியீடு) அனுப்புங்கள் என்று கேட்கும் ஏமாற்றுக்காரர்கள். வாங்கி விற்றுவிடுவார்கள்.

அப்புறம் ரீஃபண்ட். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் யாரும் திருப்பிக் கொடுக்கலாம். என் கேமே ஒன்றரை மணி நேரம். ஒருவர் காரணம் எழுதும் இடத்தில், நன்றாக இருந்தது, முடித்துவிட்டேன் என்று எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தார். அதுதான் ரொம்ப வலித்தது. மோசம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பத்து ரிவியூ வந்தால்தான் கடைப்பக்கத்தில் கேமுக்கு ஒரு மதிப்பீடே காட்டுவார்கள், அந்தப் பத்து வருவதற்குள் நெஞ்சு காய்ந்துவிட்டது.

ஊரில் இதைப் பேசவும் வழி இல்லை. 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு மத்திய அரசு தடை கொண்டுவந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து, உங்க பையனுடையதையும் மூடிட்டாங்களா என்று அக்கறையாகக் கேட்டார்கள். கேம் என்றால் ரம்மி என்றுதான் நினைப்பு.

ஆனால் அதே ரிவியூக்களில் பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா அமேசான் காட்டில் ரப்பர் வெட்டியவராம். நம்ம தோட்டத்து மரத்துக்குப் பூர்வீகமே அந்தக் காடுதானே. பட்டையில் கத்தி இறங்கும் சத்தம் வந்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்று எழுதியிருந்தார். அந்தச் சத்தத்துக்காக எங்கள் தோட்டத்தில் போனை மரத்தோடு சேர்த்துக் கட்டி, காற்று இல்லாத விடியலாகப் பார்த்துப் பதிவு செய்தேன். பழைய வேலையில் நான் எழுதிய எதையும் ஒருவர் தன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க மாட்டார். எனக்கு இது பெரிது. அதனால்தான் திரும்பவும் செய்ய நினைக்கிறேன்.

வடசேரிக்காரன்

படித்தேன். அந்த பிரேசில்காரர் எழுதியதற்கு விலை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் முடிவு அதேதான். ஒரு ரீஃபண்ட் குறிப்பு ஒருவனை இப்படி அடிக்கிறதென்றால், அந்த ரீஃபண்டை நம்பி அவன் வீட்டு அரிசி இருக்கக் கூடாது. சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தால் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாய்.

இரணியல்_இண்டி

நடுவழி ஒன்று இருக்கிறது. முழு கேமையும் செய்யாதே. கடைப்பக்கத்தைப் போடு, டெமோ மட்டும் செய், ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்டில், அதாவது வரப்போகும் கேம்களின் டெமோ திருவிழாவில் விடு. வருடத்தில் மூன்று தடவை நடக்கிறது, ஆனால் ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்புதான், அதனால் டெமோ நன்றாக வந்த பிறகு கலந்துகொள். விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கிறவர்கள் எண்ணிக்கை, எவ்வளவு சேருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு எடு. சீன மொழியையும் சேர்த்துக்கொள், ஸ்டீமில் அந்தக் கூட்டம் ரொம்பப் பெரியது.

பால்வெட்டு (குலசேகரம்)

இது எனக்குப் பிடிக்கிறது. டெமோ முடியும் வரை முழுநேரம், அதற்கு மேல் இல்லை. அதுவரைக்கும் என் கையிருப்பு தாங்கும், அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. விஷ்லிஸ்ட் வந்தால் தொடர்வேன்.

வடசேரிக்காரன்

எத்தனை வந்தால்? இப்போதே எழுதிவிட்டுப் போ. ஃபெஸ்ட் முடிந்த அன்றைக்கு எது வந்திருக்கிறதோ அது போதும் என்றுதான் மனசு சொல்லும்.

பால்வெட்டு (குலசேகரம்)

கேம் செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது, வெளியீட்டுக்கு முன் 7,000 இருந்தால் ஸ்டீமின் வரப்போகும் கேம்கள் பட்டியலில் மேலே தெரியும் என்பது. ஃபெஸ்ட் முடியும்போது அதில் பாதியாவது வேண்டும், 3,500. வரவில்லை என்றால் வேலை தேடுகிறேன், கேமை இரணியல் அண்ணன் மாதிரி மெதுவாக முடிக்கிறேன்.

வடசேரிக்காரன்

3,500 எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு எண் இருக்கிறது, அது போதும். டெமோ வந்ததும் லிங்கைப் போடு மக்கா.

மண்டைக்காட்டு_மருமகள்

கையிருப்பு தாங்கினாலும் அம்மாவிடம் கேளுங்கள் தம்பி. நீங்கள் தின்பது அவர்கள் வீட்டுச் சோறு.