ஓஎஸ் மாற்றிய பின் வந்த டிரைவர் தொல்லைகள்: அவரவர் அனுபவம்

பதிவு 1

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பலரும் 11-க்கு மாறுகிறார்கள். மாறிய கையோடு ஏதாவது ஒரு சாதனம் படுத்துக்கொள்கிறது. சாதனத்தை ஓஎஸ் (இயங்குதளம்) புரிந்துகொண்டு இயக்க உதவும் மென்பொருளைத்தான் இங்கே டிரைவர் என்கிறோம். உங்களுக்கு எது போனது, எப்படித் திரும்ப வந்தது என்று எழுதுங்கள். "மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன், சரியாகிவிட்டது" என்று ஒரு வரியோடு நிறுத்த வேண்டாம். காரணம் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வேறு சாதனம் வைத்திருப்பவருக்கும் அது உதவும்.

நானே தொடங்கி வைக்கிறேன். என் லேப்டாப்பில் போனது டச்பேட். அம்புக்குறி நகரும், ஆனால் இரண்டு விரலால் பக்கத்தை உருட்ட முடியாது. கணினியிலுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டச்பேட் என்ற பெயரே இல்லை. பழைய பிஎஸ்/2 மவுஸ் என்று மட்டும் காட்டியது. தயாரிப்பாளர் தளத்திலிருந்த டச்பேட் டிரைவரை ஓட்டினால், அதற்குரிய சாதனமே இல்லை என்று இன்ஸ்டாலர் கைவிரித்தது.

விஷயம் இதுதான். இப்போதைய டச்பேடுகள் பெரும்பாலும் ஐ2சி என்ற பாதை வழியாகத்தான் மதர்போர்டோடு பேசுகின்றன. அந்தப் பாதையை நடத்தும் கன்ட்ரோலருக்கு டிரைவர் இல்லையென்றால், அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் ஓஎஸ் கண்ணில் படாது. "அதர் டிவைசஸ்" தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு பெயர் தெரியாத ஒரு பிசிஐ சாதனம் இருந்தது. அதுதான் அந்தக் கன்ட்ரோலர். சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சிப்புகள்) டிரைவரையும், ஐ2சி பாதைக்கான சீரியல் ஐஓ டிரைவரையும் போட்டதும் டச்பேட் தானாக எழுந்து வந்தது. அதற்கென்று தனி டிரைவர் தேவைப்படவே இல்லை; விண்டோஸிலேயே இருக்கும் பிரிசிஷன் டச்பேட் டிரைவர் பிடித்துக்கொண்டது.

டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் "டிவைசஸ் பை கனெக்ஷன்" என்று ஒன்று இருக்கிறது. எது எதன் கீழ் தொங்குகிறது என்று அதில் தெரியும். இந்த மாதிரிச் சிக்கல்களுக்கு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பதிவு 2

எனக்குப் போனது வைஃபை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். லேன் கேபிள் சொருகலாம் என்றால் இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டார்கள்.

வழி: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் போதும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. போனின் டேட்டாவோ, போன் பிடித்திருக்கும் வைஃபையோ கணினிக்கு வந்துவிடும்.

இணையம் வந்த பிறகு அடுத்த குழப்பம். என் மாடலுக்கான பக்கத்தில் வைஃபை டிரைவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரே மாடல் லேப்டாப்பை ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் வெவ்வேறு வைஃபை கார்டு வைத்து விற்பது சாதாரணம். எது நம்முடையது என்று மாடல் எண் சொல்லாது. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ், அப்புறம் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். வென் (VEN) என்று தொடங்கும் பகுதியில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் குவால்காம் ஏதெராஸ். அதன் பக்கத்தில் டெவ் (DEV) என்று வருவது அந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்று சொல்லும். டிரைவர் வேண்டியது லேப்டாப்புக்கு இல்லை, சிப்புக்கு. இது மண்டையில் ஏறிய பிறகு பாதித் தேடல் குறைந்துவிட்டது.

பதிவு 3

எல்லாரும் "மஞ்சள் முக்கோணம்" என்று மட்டும் எழுதுகிறீர்கள். அதை இரட்டைச் சொடுக்கினால் ஒரு கோடு (code, பிழைக் குறியீடு) எண் வருமே, அதையும் எழுதுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் கிளம்பவில்லை. 43 என்றால் சாதனம் தானே கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. மூன்றாவதற்குப் போய் முதலாவதன் மருந்தைக் கொடுத்தால் எப்படி?

பதிவு 4

43 பற்றி. என் புளூடூத் இப்படித்தான் அடிக்கடி காணாமல் போகும். டிரைவரை எடுத்துப் போட்டாலும் அதே 43. ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாலும் அதே கதை.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. கெர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றுகிறது. கெட்டுப்போன நிலையும் சேர்ந்தே திரும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் ஆழமானது.

என் கதையில் ரீஸ்டார்ட்டும் போதவில்லை. புளூடூத்தும் வைஃபையும் ஒரே கார்டில் இருப்பவை. அந்தக் கார்டுக்கு மின்சாரம் முழுமையாக அறுபட வேண்டியிருந்தது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்ததும் வந்துவிட்டது. பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே அணைத்துவிட்டேன். எஸ்எஸ்டி இருக்கிற கணினியில் அதனால் மிச்சமாகும் நேரம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பதிவு 5

சத்தம். ஹெட்போன் சொருகினாலும் ஸ்பீக்கரில்தான் பாடும்.

எல்லா இடத்திலும் கிடைத்த அறிவுரை ஒன்றே: "லேட்டஸ்ட் டிரைவர் போடுங்க." லேட்டஸ்ட் போட்டேன், இன்னும் மோசமானது, மைக்கும் போனது. கடைசியில் நேர் எதிர்த் திசையில் போனேன். அப்டேட் டிரைவர், பிறகு "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", பிறகு "லெட் மி பிக் ஃப்ரம் எ லிஸ்ட்". அந்தப் பட்டியலில் "ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்" என்று விண்டோஸின் பொது டிரைவர் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் ஹெட்போன், மைக், ஸ்பீக்கர் மூன்றும் வந்தன. ஈக்வலைசர் போன்ற அலங்காரங்கள் இல்லை. யாருக்கு வேண்டும்?

பதிவு 6

5-க்கு: உங்களுக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தாது. சில லேப்டாப்புகளில் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கும். பொது டிரைவருக்கு அதை எழுப்பத் தெரியாது. ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அல்லது ஈனசுரத்தில் பாடும். அந்த மாதிரி மாடலுக்கு லேப்டாப் தயாரிப்பாளர் தந்த டிரைவர்தான் வேண்டும், அது ஒரு வருடம் பழையதாக இருந்தாலும். மற்றபடி லேட்டஸ்ட் என்ற மந்திரத்தை நம்பாதீர்கள் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

பதிவு 7

இது கொஞ்சம் வேறு மாதிரி. மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கு நிரல் ஏற்றப் பழைய யுஎஸ்பி–சீரியல் கேபிள் ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தது. 11-க்கு மாறியதும் கோடு 10. கேபிள் செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே கேபிளை லினக்ஸ் கணினியில் சொருகினால் கப்பென்று வேலை செய்கிறது. ஆக, கேபிளில் கோளாறு இல்லை.

விளக்கம் டிவைஸ் மேனேஜரிலேயே இருந்தது. சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிப் வழக்கொழிந்துவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்கிற ரீதியில் ஒரு வாசகம்! சிப் நிறுவனம் தன் புதிய டிரைவரில் பழைய தலைமுறைச் சிப்புகளை வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறது. சந்தையில் அந்தச் சிப்புக்குப் போலிகள் ஏராளம்; அவற்றைத் தடுக்கும் நோக்கம் அதில் இருக்கலாம். நியாயம் புரிகிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் என்ன செய்வான்?

பழைய டிரைவரைத் தேடி இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. இரண்டும் கணினியில் இருந்தால் விண்டோஸ் புதியதையே தேர்ந்தெடுக்கும். 5-இல் நண்பர் சொன்ன அதே பட்டியல் வழியாகப் போய்ப் பழைய பதிப்பைக் கையால் சுட்டிக்காட்ட வேண்டும். இன்னொரு தொந்தரவு: கேபிளை வேறு யுஎஸ்பி ஓட்டையில் சொருகினால் அதைப் புதிய சாதனமாக எண்ணிப் புது டிரைவரையே மறுபடி மாட்டிவிடும். அதனால் புதிய டிரைவரை, விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்துவைக்கும் டிரைவர் ஸ்டோரிலிருந்தே நீக்கினேன். பிஎன்பியூட்டில் என்ற கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. அதில் பட்டியலை எடுத்தால் ஒவ்வொரு டிரைவரும் ஓஇஎம் என்று ஓர் எண்ணோடு வரும். நிறுவனம், தேதி, பதிப்பு பார்த்து உரியதை மட்டும் நீக்கலாம். எண்ணை மட்டும் நம்பி நீக்காதீர்கள், கணினிக்குக் கணினி அது மாறும்.

பதிவு 8

என் பிரச்சினை: செக்யூரிட்டி பக்கத்தில் மெமரி இன்டக்ரிட்டியை ஆன் செய்ய முடியவில்லை, ஒத்துப்போகாத டிரைவர் இருக்கிறது என்கிறது. அதை ஆஃபிலேயே விட்டுவிட்டேன், எல்லாம் ஓடுகிறது. வேறு யாருக்காவது?

பதிவு 9

8-க்கு: ஓடும்தான், ஆனால் அப்படியே விட வேண்டாம் நண்பரே. கையொப்பமில்லாத, சேதப்படுத்தப்பட்ட நிரல் கெர்னலுக்குள் நுழையாமல் தடுக்கும் வேலி அது. அந்த எச்சரிக்கையின் கீழேயே எந்தக் கோப்பு என்று பெயர் இருக்கும். பெரும்பாலும் எப்போதோ தூக்கிப்போட்ட வெப்கேமுடையதோ, பழைய விபிஎன் மென்பொருளுடையதோதான். சாதனம் போய்விட்டது, டிரைவர் மட்டும் தங்கிவிட்டது. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்படியும் இருந்தால் 7-இல் சொன்ன வழியில் எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் "ஷோ ஹிட்டன் டிவைசஸ்" போட்டால் இந்த மாதிரிப் பழைய எச்சங்கள் மங்கலாகத் தெரியும்.

பதிவு 8 (மீண்டும்)

நன்றி. பெயரைப் பார்த்தேன், பழைய டிவி ட்யூனர் கார்டு! நீக்கியதும் ஆன் ஆகிவிட்டது.

பதிவு 10

லினக்ஸ்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் நான். அங்கே டிரைவர் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருவதால் இந்தத் தலைவலி குறைவு, வெளியிலிருந்து போடும் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தவிர. ஓஎஸ் பதிப்பை உயர்த்தியதும் திரை பெரிய பெரிய எழுத்துகளோடு குறைந்த தெளிவில் வந்தது. புதிய கெர்னல் வந்துவிட்டது, அதற்கேற்ப டிரைவர் மாட்யூல் உருவாகவில்லை. டிகேஎம்எஸ் என்ற அமைப்பு அதைத் தானாக உருவாக்க வேண்டும். ஆனால் அந்தக் கெர்னலுக்கான மாட்யூலை உருவாக்கத் தேவையான கோப்புகள் அடங்கிய ஹெடர் பொதி கணினியில் இருந்தால்தான் அதனால் முடியும். ஹெடரைப் போட்டதும் உருவானது.

அப்படியும் மாட்யூல் ஏறவில்லை. நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஏற்ற விடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தது. நம் கணினியில் உருவான மாட்யூலின் கையொப்பத்தை அது ஏற்காது. நம் சாவியை ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து அதைத் திரும்பக் கேட்கும். பலர் அந்தத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே "என்ரோல் எம்ஓகே" (நம் சாவியைப் பதிவு செய்) கொடுக்க வேண்டும்.

இடையில் வேலை கெடாமல் இருக்க, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் பழைய கெர்னல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதில் ஏறி வேலையைப் பார்க்கலாம்.

பதிவு 11

என்னிடம் இருக்கும் ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் வந்தது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் கெர்னல் 32 பிட் டிரைவரை ஏற்றாது. கம்பாட்டிபிலிட்டி மோடு போட்டுப் பார்க்கச் சொல்பவர்களுக்கு: அது செயலிகளுக்கு உதவும், கெர்னல் டிரைவருக்கு உதவாது. நான் ஸ்கேனரை லினக்ஸ் இருக்கும் பழைய கணினியில் மாட்டிவிட்டேன். சேன் என்ற திறமூலத் திட்டம் ஏராளமான பழைய ஸ்கேனர்களை ஆதரிக்கிறது. ஸ்கேன் நன்றாகவே வருகிறது, தயாரிப்பாளர் மறந்துபோன பொருளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பதிவு 12

ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கும் மென்பொருள் ஏதாவது நல்லதாக இருக்கிறதா?

பதிவு 13

வேண்டாம். இலவச ஸ்கேனில் "37 டிரைவர் பழையது" என்று பயமுறுத்தி, சரிசெய்யப் பணம் கேட்கும் ரகம்தான் அதிகம். அதில் பாதி சிப்செட்டின் தேதியைப் பார்த்துச் சொல்வது. இன்டெல் சிப்செட் ஐஎன்எஃப் கோப்புகளில் (டிரைவர் பற்றிய விவரங்கள் உள்ளவை) 1968 ஜூலை 18 என்று தேதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். விண்டோஸ் இவற்றைவிடப் பொருத்தமான டிரைவர் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கட்டும் என்று வேண்டுமென்றே பழைய தேதி போட்டிருக்கிறார்கள். இது தெரியாத மென்பொருளிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

பதிவு 14

இன்னும் மாறாதவர்களுக்கு. இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா, அந்த டிரைவர்களை அப்படியே எடுத்து வையுங்கள். அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிஎன்பியூட்டிலில் எக்ஸ்போர்ட்-டிரைவர் கட்டளைக்கு நட்சத்திரக் குறியும் ஒரு ஃபோல்டரும் கொடுத்தால், வெளியிலிருந்து போட்ட டிரைவர்கள் அனைத்தும் அங்கே நகலாகிவிடும். ஃபோல்டர் பென்டிரைவில் இருக்கட்டும். பின்னால் எது போனாலும் டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். 2-இல் நண்பர் பட்ட பாடு உங்களுக்கு வராது.

பழைய விண்டோஸுக்கே திரும்பும் வசதி 10 நாள்தான் இருக்கும். டிஸ்ம் கட்டளையில் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ கொடுத்து 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே செய்துவிட வேண்டும். இடையில் டிஸ்க் கிளீன்அப் ஓட்டி "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்" என்பதை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

பதிவு 15

கைரேகை சென்சார் யாருக்காவது திரும்ப வந்ததா? எனக்கு டிரைவர் ஏறுகிறது, கோடு எதுவும் இல்லை, விண்டோஸ் ஹலோ (கைரேகை, முகம் கொண்டு உள்நுழையும் வசதி) மட்டும் சென்சாரையே காணோம் என்கிறது.

பதிவு 1 (மீண்டும்)

15-க்கு: ஹார்டுவேர் ஐடியை இங்கே போடுங்கள். கூடவே டிவைஸ் மேனேஜரில் அது "பயோமெட்ரிக் டிவைசஸ்" தலைப்பின் கீழ் வருகிறதா, வேறு எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். வேறு தலைப்பின் கீழ் இருந்தால் ஏறியிருப்பது அதன் டிரைவர் இல்லை.