லங்காஸ்டரின் ஆரம்பக் குடும்பங்கள்: 1731-க்கு முந்தைய பத்திரங்களைக் காணோம்

கேள்வி: ஏட்டுக்கட்டு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள லங்காஸ்டரில் 1653 முதல் 1730 வரை வந்து குடியேறிய குடும்பங்களை வீடு வீடாகத் தொகுக்கும் வேலை நடக்கிறது. அச்சான ஊர் வரலாறும், 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புத் தொகுப்பும் கையில் உள்ளன. மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது, வூஸ்டர் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவக அட்டவணையில் 1731-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஊரோ அதைவிட முக்கால் நூற்றாண்டு மூத்தது.

இரண்டாவது, 1690-களில் ஒரே பெயரில் சீனியர், ஜூனியர் என்று இருவர். ஊர் வரலாறு இவர்களை அப்பா, மகன் என்கிறது. ஆனால் ஜூனியருக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது சீனியருக்கு 32 வயதுதான்.

மூன்றாவது, 1738-இல் ஒருவர் உயில் எழுதாமல் இறந்த தன் தகப்பனார் நிலத்தில் "ஏழில் ஒரு பங்கை" விற்கிறார். ஊர்ப் பதிவில் பிள்ளைகள் ஆறு பேர்தான். ஏழாவது ஆள் எங்கே போனார்?

பதில் 1: மூலப்பத்திரம்

வூஸ்டர் கவுண்டி உருவானதே 1731-இல்தான். அதுவரை லங்காஸ்டர் மிடில்செக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி பிரிந்தபோது பழைய தொகுதிகள் கூடவே போகவில்லை, பதிந்த இடத்திலேயே தங்கிவிட்டன. ஆகவே கேம்பிரிட்ஜில் உள்ள மிடில்செக்ஸ் தெற்குப் பதிவகத்தின் அட்டவணைகளைப் பாருங்கள். உயில், சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினைக்கும் இதே கதைதான்: 1731-க்கு முன் இறந்தவர் என்றால் மிடில்செக்ஸ் பிராபேட் கோர்ட், அதாவது இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் நீதிமன்றம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பத்திரத் தொகுதிகளின் படங்களை வீட்டிலிருந்தே புரட்டலாம்.

புரட்டும்போது ஒரு விஷயம். எழுதிய தேதி வேறு, பதிந்த தேதி வேறு. பத்திரத்தை எழுதி வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, நிலத்தை விற்கும்போதோ தகராறு வந்தபோதோதான் பலர் பதிந்தார்கள். இருபது, முப்பது வருடம் கழித்துப் பதிந்ததும் உண்டு. எனவே ஒருவர் இறந்த வருடத்தோடு அட்டவணையை மூடிவிடாதீர்கள், அதற்குப் பின் நாற்பது வருடம் வரை ஓட்டுங்கள். 1731-க்கு முன் எழுதி அதற்குப் பின் பதிந்த பத்திரம் வூஸ்டரிலேயே கிடக்கும்.

வாங்கியவர் அட்டவணையைவிட விற்றவர் அட்டவணைதான் அதிகம் கொடுக்கும். தகப்பனிடமிருந்து இறங்கிய நிலத்துக்கு வாங்கிய பத்திரம் இருக்காது. அதை விற்கும்போதுதான் "என் தகப்பனார் இன்னாருக்கு ஊர் ஒதுக்கிய மனை" என்று வரலாறு வரும். அந்த ஒரு வரி அச்சுப் புத்தகத்தின் முழுப் பக்கத்துக்குச் சமம்.

ஊரும் பிரிந்துகொண்டே போனது. ஹார்வர்ட் 1732, போல்டன் 1738, லெமின்ஸ்டர் 1740, ஸ்டெர்லிங் 1781. 1730-இல் லங்காஸ்டர்க்காரர், 1733-இல் ஹார்வர்ட்க்காரர் என்று பதிவு சொன்னால் குடும்பம் இடம் மாறியது என்று எழுதிவிடக் கூடாது. வீடு அங்கேயேதான் இருந்திருக்கும், கோடு நகர்ந்திருக்கும்.

பதில் 2: நெடுங்கணக்கு

மேலே சொன்னதோடு ஒன்று. நில ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் இருப்பவரெல்லாம் குடியேறியவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாஷவே என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் 1640-களில் ஊரைத் திட்டமிட்ட கூட்டாளிகளில் பெரும்பாலோர் அங்கே வந்து வாழவே இல்லை. புரொப்ரைட்டர்கள் எனப்படும் நிலப் பங்காளிகளின் ஏடு தனி, ஊர்க்கூட்டத்தின் ஏடு தனி. பங்காளி ஏடு யாருக்கு நிலம் என்று சொல்லும், யார் அடுப்பில் புகை வந்தது என்று சொல்லாது. ஆள் அங்கே இருந்தாரா என்பதற்கு வேலி பார்ப்பவர், சாலை மேற்பார்வையாளர் போன்ற ஊர்ப் பொறுப்புகள், வரிப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தேறவேண்டும்.

இன்னொரு இடைவெளி 1676. அந்த வருடம் பிப்ரவரி 10-ஆம் தேதி பூர்வகுடியினர் ஊரைத் தாக்கியதற்குப் பின் ஊர் சில வருடம் ஆளில்லாமல் கிடந்தது. அந்தக் காலத்துப் பிறப்பு, இறப்பைக் கான்கார்ட், சார்ல்ஸ்டவுன் போன்ற கிழக்கத்திய ஊர்களின் பதிவில் தேடுங்கள். திரும்பி வந்த குடும்பம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் எழுதி வைத்திருக்கலாம். மூல ஏட்டின் படத்தில் ஆறு பெயரும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் அது பின்னால் எழுதியது. பிறந்த ஊர் லங்காஸ்டர் என்பதற்கு அது சாட்சியாகாது. அச்சுத் தொகுப்பில் கையெழுத்தும் மையும் தெரியாததால் இந்தத் தடயம் அதில் அழிந்துபோகிறது.

பதில் 3: பாகப்பிரிவினை

ஏழாவது பிள்ளை இல்லை, தேடவேண்டாம். மாசசூசெட்ஸில் 1789 வரை, உயில் எழுதாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்ற பிள்ளைகளுக்கு, பெண்கள் உட்பட, ஆளுக்கு ஒன்று. ஆறு பிள்ளைகள் என்றால் நிலம் ஏழாகப் பிரியும். உங்கள் ஆள் ஏழில் ஒன்றை விற்கிறார், அதனால் அவர் மூத்த மகன் இல்லை. ஏழில் இரண்டை விற்கும் பத்திரம் ஒன்று எங்காவது இருக்கும், அதை எழுதியவர் மூத்தவர். அல்லது மூத்தவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள்.

பின்னம் சின்னதாகச் சின்னதாகச் செய்தி கூடும். இதே நிலத்தில் இருபத்தொன்றில் ஒரு பங்கு விற்கப்பட்டால், ஏழில் ஒன்றுக்கு உரியவர் இறந்து மூன்று பெண்கள் வாரிசாக நிற்கிறார்கள் என்று வரும். அந்த மூவரில் ஒருவர் பையன் என்றால் அங்கேயும் இரட்டைப் பங்கு புகுந்து இருபத்தெட்டாகிவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒரு சகோதரர் இன்னொருவர் பங்கை முன்பே வாங்கியிருந்தால் கணக்கு கலைந்துவிடும். ஒரே பத்திரத்தை வைத்து முடிவு கட்டாமல், எல்லாப் பங்குகளும் கூடி ஒன்றாகிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

1738-இல் விற்றார் என்பதால் தகப்பன் அப்போதுதான் இறந்தார் என்றும் கொள்ளவேண்டாம். விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் உரிமை. அவர் கண்ணை மூடிய பிறகே அந்தப் பகுதி பிள்ளைகள் கைக்கு வரும். இருபது வருடம் பொறுத்த விற்பனைகள் பல இப்படி வந்தவை.

வயது தெரியாத பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமனத் தாள்களைப் பாருங்கள். 14 வயதுக்குக் கீழ் என்றால் நீதிபதியே காப்பாளரை நியமித்தார், 14 தாண்டியவர் தாமே தேர்ந்தெடுத்தார். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையின் பிறந்த வருடத்தை இது நன்றாகவே இறுக்கிக் கொடுக்கும்.

பதில் 4: நெடுங்கணக்கு

சீனியர், ஜூனியர் விவகாரத்துக்கு. அன்றைக்கு அது உறவைச் சொல்லவில்லை, ஒரே ஊரில் ஒரே பெயர்க்காரர்களில் மூத்தவர் யார், இளையவர் யார் என்று பிரித்துக் காட்டியது, அவ்வளவே. சித்தப்பா, அண்ணன் மகனாக இருக்கலாம். உறவே இல்லாமலும் இருக்கலாம். இன்னும் வம்பு என்னவென்றால் பட்டம் ஆள் மாறும். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் வெறும் பெயரோடு நடமாடுவார், "மூன்றாமவர்" ஜூனியர் ஆகிவிடுவார். 1692-இன் ஜூனியரும் 1705-இன் ஜூனியரும் இரண்டு ஆட்களாக இருக்கலாம்.

பிரிக்க வழி: பெயரை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு ஆவணத்தையும் தேதி வாரியாகத் தனித்தனி வரியில் எழுதுங்கள். பக்கத்தில் மனைவி பெயர், நிலத்தின் நான்கெல்லை, கையொப்பமா கைநாட்டுக் குறியா என்று குறியுங்கள். மனைவி தன் விதவைப் பங்கு உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்ட பத்திரங்கள் தங்கம். கையொப்பத்தை ஒப்பிட பத்திரத் தொகுதிகள் உதவாது, அது எழுத்தர் எடுத்த நகல், எல்லாக் கையொப்பமும் அவர் கைதான். பிராபேட் கட்டில் உள்ள அசல் தாள்களை எடுங்கள்.

அந்த 32 வயதை இன்னொரு தடவை சரிபாருங்கள். 1752 வரை அங்கே ஆண்டு மார்ச் 25-இல்தான் மாறியது. "1670, 12-ஆம் மாதம்" என்றால் நம் கணக்கில் 1671 பிப்ரவரி. இதனால் ஒரு வருடம் நகரும், அப்பா மகன் ஆவதற்கு அது போதாது. அந்த ஊர் வரலாற்று வரியை நம்பவேண்டாம் என்பதே என் கருத்து. "மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள்" என்று தொடங்கும் குடும்ப வரலாறுகளுக்கும் இதே மரியாதைதான், பத்திரமோ உயிலோ இல்லாதவரை.

ஏட்டுக்கட்டு

ஏழில் இரண்டு கிடைத்துவிட்டது, 1741-இல் பதிந்திருக்கிறது. நன்றி. அடுத்து, வீடுகளை வரைபடத்தில் வைக்கவேண்டும். பத்திரத்தில் வெள்ளை ஓக் மரம், கல் குவியல் என்றுதான் எல்லை இருக்கிறது. எப்படி?

பதில் 5: மூலப்பத்திரம்

ஒரு ராட் 16½ அடி, 160 சதுர ராட் ஓர் ஏக்கர். கட்டத்தாளில் ஓர் அங்குலத்துக்கு 20 ராட், அதாவது 330 அடி, என்று வைத்து ஒவ்வொரு மனையையும் தனித்தனியாக வரைந்து கத்தரித்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தேடிப் பயனில்லை, பக்கத்து நிலத்துக்காரரைத் தேடுங்கள். ஒருவர் பத்திரத்தில் "வடக்கிலிருந்து 40 டிகிரி கிழக்காக 32 ராட்" என்றிருக்கும் கோடு அண்டையவர் பத்திரத்தில் "தெற்கிலிருந்து 40 டிகிரி மேற்காக 32 ராட்" என்று வரும். இரண்டு துண்டும் அங்கே பொருந்தும்.

வரைந்த கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், நகல் எடுத்த எழுத்தர் ஒரு பக்கத்தை விழுங்கியிருப்பார். அதே நிலம் அடுத்த தடவை விற்ற பத்திரத்தில் அது இருக்கும். திசைகள் காந்த ஊசி காட்டியவை, வடக்கு இந்த முந்நூறு ஆண்டுகளில் பல டிகிரி நகர்ந்துவிட்டது. ஆகவே தனி மனையைத் திருப்பாமல் ஒட்டிய துண்டுகளை மொத்தமாகத் திருப்பிப் பொருத்துங்கள். நங்கூரமாக நாஷுவா ஆற்றின் இரு கிளைகள் கூடும் இடத்தையும் பழைய சாலைகளையும் வைத்துக்கொள்ளலாம். ஆற்றங்கரைப் புல்வெளி மனைகளில் மட்டும் கவனம், ஆறு படுகையை மாற்றியிருக்கும்.

பரப்பளவு ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஆரம்ப ஒதுக்கீடுகளில் பாறை, சதுப்பு, சாலைக்கெல்லாம் சேர்த்துத் தாராளமாகவே அளந்தார்கள். 20 ஏக்கர் என்று எழுதிய நிலம் வரைந்தால் 25 வரலாம். எண்ணை விட்டுவிட்டு எல்லையை நம்புங்கள்.