மகளை கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்க்கலாமாங்க?

காங்கயத்து அம்மா:
நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அவசர ஆர்டர் வந்தால் வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடும். பாப்பாவைப் பார்த்துக்கொண்ட அமுச்சி தை மாதம் தவறிவிட்டார். வர்ற ஜூனில் ஆறாம் வகுப்பு. சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் ஹாஸ்டலோடு இடம் இருக்கிறதாம். நாங்கள் அண்ணமார் சாமி கும்பிடுகிறவர்கள். ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்துவார்களா? பிள்ளை ஏங்கிப் போய்விடுமா? படித்தவர்கள் சொல்லுங்க.

பழைய ஹாஸ்டல் பிள்ளை:
அக்கா, நான் ஏழு வருடம் இருந்தேன், நாங்களும் இந்துதான். காலைப் பூசைக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போவார்கள், நாங்கள் ஸ்டடியில் உட்காருவோம். அக்டோபர் ஜெபமாலைக்கு மட்டும் எல்லாரும். ‘அருள் நிறைந்த மரியே’ எனக்கு இன்னமும் மனப்பாடம், நெற்றியில் திருநீறும் அப்படியேதான் இருக்கிறது. என் நம்பர் 43. பாவாடை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் அம்மா சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்திருந்தார். முதல் மாதம் விளக்கணைத்த பிறகு அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டேதான் தூங்கினேன். அப்புறம் பழகிவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை: ஏழாவதில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன், நாலாம் நாள்தான் வீட்டுக்குச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே போன் செய்வீர்களா என்று வார்டன் சிஸ்டரிடம் முகம் பார்த்துக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபி:
அம்மணி, வழிபாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது, அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. ஹாஸ்டலுக்கு, பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. பன்னிரண்டாவதில் வந்து வருத்தப்பட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. ஆனால் தமிழ் வழியில் சேர்த்தால், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 டிசம்பர் முதல் உதவிபெறும் பள்ளிகளுக்கும் கொடுக்கிறார்கள்.

அந்தியூர் அப்பா:
பார்க்க விடுகிற ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவற விடாதீங்க. மஞ்சள் வெட்டு நேரத்தில் ஒருமுறை நான் போகவில்லை. பிள்ளை சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அதற்கப்புறம் எந்த வேலை இருந்தாலும் தூக்குப்போசி நிறைய அரிசியும்பருப்புச் சோற்றோடு போய்விடுவேன், அவள் கூட்டாளிகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

காங்கயத்து அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. பாப்பா டாக்டராகணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த 7.5 விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் அரசுப் பெண்கள் பள்ளியோடு விடுதி எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, இரண்டையும் பாப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டப்போகிறோம்.